குணசேகரமும் எஸ்தோனியக் காகமும்

ஹேர்னிங், டென்மார்க்.
வைகாசி மாதம், அதிசயமாக வெயில் எறிக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் தவராஜா அவர்களுக்கு,

உங்கள் தங்கை புஷ்பராணியின் புருஷன் குணசேகரம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் எல்லோரும் நல்ல சுகம், எனது வலது முழங்காலைத் தவிர. ரொறன்ரோவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் உங்கள் டாக்சியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மாளாச்சி துணை நிற்பா. கையில் தொலைபேசி இருக்க இந்த மனிதன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் நான் வாயைத் திறந்தால் புஷ்பராணி பக்கத்தில் வந்து நின்று, "அண்ணை, இவர் சொல்லுறதை நம்பாதையுங்கோ" என்று நடுவில் புகுந்துவிடுவாள். கடிதத்துக்குள் அவளால் புக முடியாது. ஆகையால் ஆறுதலாக இருந்து வாசிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகள், உங்கள் மருமகள் சயந்தினிக்கு ஆவணியில் கலியாணம் என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை எஸ்தோனியாக்காரன், பெயர் தானெல், வைலேயில் இருந்துகொண்டு காற்றாலைக் கோபுரங்களில் ஏறித் திருத்துகிற வேலை என்பதும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. கலியாணத்தோடு பிள்ளை தன் பெயருக்குப் பின்னால் இருக்கிற குணசேகரத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பெடியனுடைய குடும்பப் பெயரைப் போடப் போகிறாள். அந்தக் குடும்பப் பெயர் வாரெஸ். எஸ்தோனியப் பாஷையில் வாரெஸ் என்றால் காகம். சயந்தினி காகம்! இந்த வரியை எழுதிவிட்டு, எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதுகிறேன் மச்சான். நான் சொன்னதை நடை பழகின நாளில் இருந்து கேளாத பிள்ளை, தாய்மாமன் நீங்கள் சொன்னால் கேட்கும். நீங்கள் அவளோடு கதைத்து, குணசேகரத்தை இருந்த இடத்தில் இருக்கவிடச் சொல்ல வேண்டும். என்னுடைய வேண்டுகோள் இது ஒன்றுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு இரண்டு பேரும் இங்கே வந்து நின்றார்கள். குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டு டெனிஷில் கதைத்தார்கள். நான் வெளியே கதிரையில் பேப்பர் பார்ப்பது போல இருந்தேன். "பெயர் மாத்துற விண்ணப்பம் தேவாலயத்துக்குப் போயிட்டுது, கலியாணத்தண்டைக்கே மாறிடும்" என்று பிள்ளை சொன்னது காதில் விழுந்தது. இந்த நாட்டில் சைவக்காரன் பெயர் மாற்றுவதென்றாலும் பாதிரியாருடைய அலுவலகத்தில்தான் அந்த வேலை நடக்கும் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்க வேணும்? பெத்த தகப்பன் போய்த் தன்ரை பேரைப் பிச்சை கேக்கிறதோ? பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முழங்கால் நோகுது என்று சொல்லி மேலே போய்ப் படுத்துவிட்டேன்.

ஒரு பெயருக்கு இவ்வளவு கலவரமோ என்று மற்றவன் கேட்கலாம், நீங்கள் கேட்கக் கூடாது, ஏனென்றால் நீங்கள் பக்கத்தில் நின்றனீங்கள். எண்பத்தாறாம் ஆண்டு, நாங்கள் அகதியாக வந்து இறங்கின அந்தச் செஞ்சிலுவை முகாம். அப்போது நீங்கள் எனக்கு மச்சானும் இல்லை ஒன்றும் இல்லை, பச்சைக் குளிர்க்கோட்டின் பங்காளி மட்டும். இரண்டு பேருக்கும் ஒரு கோட்டு, வெளியே போகிறவன் போட, மற்றவன் ஹீற்றரோடு முதுகை ஒட்டிக்கொண்டு இருப்பான். பெயர் பதிகிற மேசைக்கு அந்தக் கோட்டை நான் போட்டுக்கொண்டு வந்தேன், நீங்கள் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றீர்கள். பாஸ்போட்டில் எங்கள் வழமைப்படி அப்புவின் பெயர் முன்னுக்கு, என்ரை பெயர் பின்னுக்கு, வைத்திலிங்கம் குணசேகரம். அந்தக் கண்ணாடி போட்ட மனிதர் முன்னுக்கு நின்றதை என் பெயராகவும் பின்னுக்கு நின்றதைக் குடும்பப் பெயராகவும் பதிந்தார். நான் தெரிந்த இங்கிலீசில் "வைத்திலிங்கம் என்ரை தகப்பன்" என்று சொன்னேன். "அவர் எங்கே?" என்று கேட்டார். "சங்கானையில்" என்றேன். "அப்ப இங்கே நிற்கிறது நீங்கள்தானே?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லாமல் என்ன செய்ய? சரி என்று முத்திரையைக் குத்திவிட்டார். அடுத்ததாக நீங்கள் போய், ராஜா என்றால் அரசன் என்று விளக்கம் கொடுக்க, அந்த மனிதர் கதிரையை விட்டு எழும்பிக் குனிந்து ஒரு கும்பிடு போட்டாரே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். எவ்வளவு நல்ல நாட்கள் மச்சான். கையில் ஒன்றும் இல்லை, நாளைக்கு எங்கே என்று தெரியாது, ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு கிழமைக்குக் காணும்.

நீங்கள் கனடாவுக்குப் போய்விட்டீர்கள், கோட்டையும் கொண்டு போனீர்கள். நான் ஹேர்னிங்குக்கு வந்து துணி ஆலையில் சேர்ந்தேன். இங்கே ஆளை முதற்பெயரால்தான் கூப்பிடுவார்கள், அன்றிலிருந்து இந்த நாட்டுக்கு நான் வைத்திலிங்கம்தான். "வைத்தி, காஃபி!" "வைத்தி, மெஷின் நிண்டுட்டுது!" சங்கானையில் எங்கள் அப்புவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஊர் முழுக்க மாஸ்ரர் என்றுதான் கூப்பிட்டது, பெரியம்மா கூட "மாஸ்ரர் தம்பி" என்றுதான் சொல்லுவா. இங்கே பத்தொன்பது வயதுப் பெட்டை ஒருத்தி அந்த மனிதரின் பெயரை அரைவாசியாக வெட்டி ஆலை முழுக்கக் கேட்கக் கத்துவாள். முதல் வருஷம் எனக்குக் கூசும், அப்பு எங்கேயோ இருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறார் என்று பதைக்கும். பிறகு பழகிவிட்டது. தொண்ணூற்றிரண்டில் அப்பு காலமானபோது சண்டையால் பாதை இல்லை, போக முடியவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். யாரோ பின்னால் இருந்து "வைத்தி" என்று கூப்பிட்டார்கள். நான் நூல்பெட்டியைப் பிடித்தபடி நின்று அழுதேன் மச்சான். இன்னும் ஒரு இடத்தில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று பெரிய ஆறுதலாக இருந்தது.

புஷ்பராணி வந்து சேர்ந்தபோதும் அதே கூத்து. கலியாணத்துக்கு முந்தின பாஸ்போட்டில் வந்தபடியால் அவள் இன்றைக்கும் டெனிஷ் அரசாங்கத்துக்குச் சின்னத்துரை புஷ்பராணிதான். அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் கிழவிகள் எல்லோரும் அவளைச் "சின்னா, சின்னா" என்று உங்கள் அப்புவின் பெயர் சொல்லித்தான் தலை சீவிவிடக் கூப்பிடுகிறார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர், இரண்டு குடும்பப் பெயர், கூப்பிடுவது இரண்டு கிழவர்களின் பெயர். பிறகு சயந்தினி பிறந்தாள். இந்த நாட்டில் எங்கள் வழமைப்படி சரியாக விழுந்த ஒரே பெயர் அவளுடையதுதான்: பிள்ளையின் பெயர், பக்கத்தில் தகப்பனின் பெயர். சயந்தினி குணசேகரம். என்ரை பெயரை வாய்விட்டுச் சொல்கிற சத்தம் எனக்கு அவளால்தான் கேட்டது. பல் டாக்குத்தர் கூப்பிட்டால் குணசேகரம், நீச்சல் போட்டியில் கூப்பிட்டால் குணசேகரம்.

அவள் உயர்தரம் முடித்து, இந்த நாட்டு வழக்கப்படி வெள்ளைத் தொப்பி போட்ட நாள் உங்களுக்குச் சொன்னேனோ தெரியாது. பெரிய மண்டபம், பெற்றோர் எல்லாம் வெளிக்கிட்டு வந்து இருக்கிறார்கள். அதிபர் மேடையில் நின்று ஒவ்வொருவராக வாசிக்கிறார். "சயந்தினி குணசேகரம்" என்றார். நான் எழும்பி நின்றுவிட்டேன். புஷ்பராணி சட்டையைப் பிடித்து இழுத்து, "இருங்கோ அப்பா, உங்களை இல்லை!" என்றாள். "என்ரை பேர்தானே சொன்னவர்" என்றேன். பிள்ளை மேடையில் நின்று என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். சனம் கை தட்டிச்சுது. அதில் கொஞ்சம் எனக்கும் தட்டினதுதான், அதை நான் ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்ப விளங்குதோ, ஏன் கிடந்து துடிக்கிறேன் என்று? அவள் காகம் ஆனால், நான் பிறந்தபோது எனக்கு வைத்த பெயர் இந்த டென்மார்க்கில் ஒரு வாயிலும் இல்லை.

சரி. நீங்களும் போன மாதம் தொலைபேசியில், "பெடியன் வெள்ளை எண்டது பறவாயில்லை, ஆனா ஆர் ஆக்கள்? விசாரிச்சியளோ?" என்று கேட்டீர்கள். அது எனக்கு நல்ல சாட்டாகப் போய்விட்டது. பெயரைப் பிடித்துக்கொண்டு போய் விசாரிப்போம், ஒரு பிழை அகப்பட்டால் "உந்தக் கண்டறியாத பேர் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லலாம் என்று பார்த்தேன். பீற்றரிடம் போனேன். பீற்றரை நீங்கள் அறியமாட்டீர்கள், மன்னார்க் கத்தோலிக்கன், ஆலையில் எனக்குப் பக்கத்து மெஷின், பிறகு ஒரு களஞ்சியசாலையில் எஸ்தோனியப் பெடியளோடு பெட்டி அடுக்கினவன். "அண்ணை, அவங்கட பேரெல்லாம் ஒண்டில் மரம், ஒண்டில் மிருகம், இல்லாட்டித் தொழில்" என்றான். "என்னோட வேலை செய்தவனில ஒருத்தன் தாம், அது ஓக் மரம். ஒருத்தன் செப், அது கொல்லன். றெபானே எண்டு ஒருத்தன், நரி. குனிங்காஸ் எண்டு இன்னொருத்தன், அரசன் எண்டு அர்த்தம்." "அரசன் என்ன செய்தவன்?" என்று கேட்டேன். "கழிவறை துடைச்சவன், தங்கமான பெடியன்" என்றான். உங்கள் டாக்சியை நினைத்துக்கொண்டேன், கோபிக்க வேண்டாம். "அப்ப வாரெஸ்?" என்று கேட்டேன். பீற்றர் கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்த்து, வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணை, காகம்" என்றான். "கொல்லன் எண்டாலும் ஒரு தொழில் இருக்கு. காகத்தை நான் எங்கையெண்டு போய் விசாரிக்கிறது?" என்று கத்தினேன். "ஆக்கள் கூட்டமான ஆக்களாய் இருப்பினம்" என்று ஆறுதல் சொன்னான் அந்தப் பாவி.

வீட்டுக்கு வந்து புஷ்பராணியிடம் சொன்னேன், அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று. சனீஸ்வரனின் வாகனம், குடும்பப் பெயராக வீட்டுக்குள் வந்தால் ஏழரைதான் என்று எடுத்துவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண் கலங்கினாள். "இஞ்சருங்கோ, எத்தினை அமாவாசைக்கு இந்த மதிலில சோறு வைச்சிருப்பன். குளிருக்கை, ஸ்னோவுக்கை. பக்கத்து வீட்டுக்காரி எலி வரும் எண்டு எத்தினைதரம் நகரசபைக்குச் சொல்லிக் குடுத்தவள். இப்ப காகமே மாப்பிள்ளையாய் வந்திருக்கு. அப்புவும் அம்மாவும்தான் அனுப்பியிருக்கினம்." உங்கள் பெற்றோர் செய்த வேலை என்று ஆகிவிட்ட பிறகு என்ரை வழக்குத் தோற்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமை மதிலில் சோற்றோடு ஒரு வடையும் வைத்தாள். எனக்கு வடை இல்லை, கொலஸ்ட்ரோல் என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நீங்கள் மச்சாளுக்குச் சொல்லக் கூடாது. பிள்ளையும் பெடியனும் வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துக் காரை எடுத்துக்கொண்டு வைலேக்குப் போனேன். இரண்டு பேரும் இப்போதே ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், அதைப் பற்றி ரொறன்ரோவில் கதை வேண்டாம். இங்கே ஒவ்வொரு வீட்டுக் கடிதப்பெட்டியிலும் இருக்கிறவர்களின் பெயரைப் போடுவார்கள். இன்னும் குணசேகரம் நிற்கிறதா, இல்லையா என்று கண்ணால் பார்க்கத்தான் போனேன். போன மார்கழியில் நானே என் கையால் திருகாணி போட்டுப் பூட்டிவிட்ட பெயர்த்தகடு அது. பார்த்தால் தகட்டைக் கழற்றி இருக்கிறது. நான்கு திருகாணி ஓட்டை, அதற்கு மேல் ஒரு துண்டுப் பிளாஸ்டர், அதில் பேனையால் வாரெஸ் என்று கிறுக்கி இருக்கிறது. நான் குனிந்து அந்தப் பிளாஸ்டரின் கீழ் வேறு ஏதும் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிக்கொண்டு இருக்க, முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டது. நிமிர முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா நாயோடு வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று சந்தேகமாகக் கேட்டா. "குணசேகரம்" என்றேன், குனிந்தபடியே. அந்த அம்மா பெட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, "அந்தப் பெயரில் இங்கே ஒருத்தரும் இல்லை" என்று சொன்னா. மச்சான், அந்த அம்மா கெட்ட மனுசி இல்லை, கையைப் பிடித்து நிமிர்த்தியும் விட்டா. ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் குத்தி நின்றுவிட்டது.

இந்த நிலைமையில்தான் போன ஞாயிறு பெடியனின் தாய் வந்தா. பெயர் ஹெல்வே. எஸ்தோனியாவின் தெற்கே வோரு என்ற ஊரில் பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவ, புருஷன் இல்லை, தானெல் ஒரே பிள்ளை. கறுப்புப் பாணும் புகையில் காயவைத்த மீனும் கொண்டு வந்தா. புஷ்பராணி நண்டுக்குழம்பு வைத்தாள். ஹெல்வே கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் நண்டை உடைத்துச் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது, ஆனால் விசாரணையை விடவில்லை. நான் டெனிஷில் கேட்க, தானெல் தாய்க்கு மொழிபெயர்த்தான். "உங்கட ஆக்கள் ஆதியில என்ன செய்தவை?" என்று தொடங்கினேன். சயந்தினி மேசைக்குக் கீழே என் காலில் உதைத்து, "அப்பா, இது இன்டர்வியூ இல்லை" என்றாள். நோகிற முழங்கால் என்றும் பார்க்கவில்லை.

ஹெல்வே சிரித்துவிட்டுச் சொன்னா: "என்ன செய்தவையோ? நாங்களே எங்களுக்குச் சொந்தமில்லை. பண்ணைப் பிரபுவுக்குச் சொந்தம்." இருநூறு வருஷத்துக்கு முன் வரைக்கும் அங்கே குடியானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாதாம். பிரபுக்கள் ஜேர்மன் பாஷை கதைக்கிறவர்கள், இவர்கள் அவர்களுடைய நிலத்தோடு கட்டுண்டவர்கள். எந்தக் கமத்தில் இருந்தார்களோ அந்தக் கமத்தின் பெயரால் கூப்பிடுவார்களாம், கமம் மாறினால் பெயரும் மாறுமாம். பிறகு விடுதலை கொடுத்து, விடுதலையானவனுக்குக் குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் வந்ததாம். பிரபுவோ அவருடைய எழுத்தரோ பாதிரியாரோ இருந்து, வரிசையில் வருகிறவர்களுக்குப் பெயர் கொடுத்தார்களாம், பிரபுக்களின் பெயரை மட்டும் எடுக்கக் கூடாதாம். "எங்கட வீட்டுக் கதை என்னெண்டா, அண்டைக்குப் பிரபுவுக்குச் சரியான அலுப்பாம். யன்னலுக்கு வெளியில பாத்தாராம். முன்னுக்கு நிண்டவனுக்குக் கொக்கு, பின்னுக்கு நிண்டவனுக்குக் காகம். என்ரை மனுசன்ரை ஆக்கள் பின்னுக்கு நிண்டிருக்கினம்." அடுத்த பண்ணையில் இருந்த கூடப்பிறந்த தமையனுக்கு அங்கே ஓக் மரம் என்று கொடுத்துவிட்டார்களாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒருத்தன் காகம், ஒருத்தன் மரம். அதே நேரம் நாடு முழுக்க வேறு எத்தனையோ காகங்கள், ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. மச்சான், நீங்களும் நானும் பழகின விசாரணை எல்லாம் அந்த இடத்தில் படுத்துவிட்டது. பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஆளிடம் போய்ச் சேரமாட்டோம், ஒரு யன்னலிடம்தான் போய்ச் சேருவோம். ஹெல்வேயின் தாய்வீட்டுக் கதை இன்னும் விசேஷம். அவர்களுக்கு நீளமான ஒரு ஜேர்மன் பெயர் விழுந்திருந்ததாம். நாடு சுதந்திரமான பிறகு, முப்பதுகளில், சொந்தப் பாஷையில் பெயர் எடுங்கள் என்று அரசாங்கமே சொல்லி, பாட்டன் போய் பிஹ்லாகாஸ் என்று எடுத்தாராம். இங்கே றோட்டுக்கரையில் சிவத்தப் பழம் குலைகுலையாகப் பழுக்கிற மரம் நிற்கிறதே, அதுதான்.

"காகம் எண்டு வைச்சதுக்கு அந்த மனுசனுக்குக் கோவம் வரேல்லையோ?" என்று கேட்டேன். "முதல்நாள் வரைக்கும் ஒரு பேரும் இல்லாதவனுக்குக் கோவம் எங்கையிருந்து வாறது?" என்றா. "என்ரை மனுசன் கிழங்குத் தோட்டத்துக்குக் காகம் வந்தாக் கலைக்க மாட்டார். சொந்தக்காரர் வந்திருக்கினம் எண்டு சொல்லுவார்." புஷ்பராணி உடனே, "நாங்களும் அப்பிடித்தான், நாங்களும் அப்பிடித்தான்!" என்று குழம்புக் கையோடு எழும்பி ஹெல்வேயைக் கட்டிப்பிடித்தாள். மொழிபெயர்க்க முதலே இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு ஹெல்வே என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஆர் பேர் வைச்சது?" என்று கேட்டா. நான் அந்த முகாமையும் மேசையையும் கோட்டையும் உங்களுடைய ராஜ விளக்கத்தையும் சொன்னேன். வயிறு பிடித்துக்கொண்டு சிரித்தா. சிரித்து முடிந்ததும், "வைத்திலிங்கம் தகப்பன்ரை பேர் எண்டால், உங்கட பேர் என்ன?" என்று கேட்டா. இத்தனை காலத்தில் இந்த நாட்டில் ஒருத்தரும் என்னிடம் கேளாத கேள்வி. குணசேகரம் என்றேன். கு, ண, சே என்று கூட்டி எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பார்த்தா. அர்த்தம் என்ன என்று கேட்டா. நல்ல குணத்தைத் தலையில் சூடினவன் என்று சொன்னேன். "குணம் கிடக்கட்டும், தலையில மயிரைக் காணேல்லை" என்று உங்கள் தங்கை குசினியில் இருந்து சொன்னாள். பிறகும் அந்த அம்மா விடவில்லை, தகப்பன் என்ன செய்தவர், எத்தனை சகோதரம், பெயரை யார் வைத்தது, எல்லாம் கேட்டா. நானும் வாய் ஓயாமல் சொன்னேன். நல்ல விடுப்புக்காரி.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் காகத்தில் கோபம் வரமாட்டேன் என்கிறது. அந்த மனிதரும் ஒரு மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார், நானும் நின்றேன், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து பிழைத்தோம். ஆனபடியால் என் வேண்டுகோளைக் கொஞ்சம் குறைக்கிறேன். சயந்தினி வாரெஸ் என்று போடட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் இந்த நாட்டில் நடுப்பெயர் என்று ஒன்று வைக்கலாம். முதலில் பிள்ளையின் பெயர், கடைசியில் காகம், நடுவில் குணசேகரம். சனம் நிறைந்த பஸ்ஸில் நெருக்குப்பட்டு நிற்கிறவன் மாதிரி நடுவில் ஒரு ஓரமாக நின்றுகொள்கிறேன், இறக்கிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். உங்களுக்காகத் தோன்றினது போலச் சொல்லவும்.

கலியாணத்துக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அந்தப் பச்சைக் கோட்டு இன்னும் இருந்தால் கொண்டு வாருங்கள், போட்டுக்கொண்டு ஒரு படம் எடுப்போம், வயிறு உள்ளே போகாது, தோளில் என்றாலும் போடுவோம். மச்சாளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்களுடைய ஆயுளுக்கும் டாக்சியின் எஞ்சினுக்கும் நல்லூரான் காவல். புஷ்பராணியும் அன்பைச் சொல்லச் சொன்னாள், நான் இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது என்றாலும்.

இப்படிக்கு,
டென்மார்க்கில் வைத்திலிங்கம் என்று அழைக்கப்படும்,
உங்கள் அன்பு மச்சான்
குணசேகரம்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதினது ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். சயந்தினியோடு ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம். கடித உறை ஒட்டப் போன நேரம் பிள்ளையும் தானெலும் வந்து இறங்கினார்கள். பழையதை அளவுக்குக் கழற்றிக் கொண்டுபோய், கடிதப்பெட்டிக்குப் புதுத் தகடு செய்வித்து, பெயர் சரியோ என்று எனக்குக் காட்டக் கொண்டு வந்திருக்கிறார்கள். பித்தளைத் தகடு, நல்ல வடிவு. அதில் ஒரே ஒரு பெயர்தான் வெட்டி இருக்கிறது. குணசேகரம். "காகம் எங்கை?" என்று கேட்டேன். தானெல் எழும்பி நின்று, பாடமாக்கிக்கொண்டு வந்த தமிழில், "மாமா, நான்தான் மாத்துறன்" என்றான். ஈஸ்டரில் என் காதில் விழுந்த விண்ணப்பம் அவனுடையதாம், பிள்ளை தன் பெயரை மாற்ற ஒருநாளும் நினைக்கவே இல்லையாம். நான் மண்டபத்தில் எழும்பி நின்ற கதையை அவனைச் சந்தித்த முதல் கிழமையே சொல்லியிருக்கிறாள், அவன் அப்போதே முடிவெடுத்துவிட்டானாம். எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். "எடேய், தகப்பன்ரை பேரைத் தூக்கி எறியிறியோ? அந்தக் காகத்துக்கு என்ன குறை? கொம்மா என்ன சொல்லுவா?" என்று கத்தினேன். கொம்மாவுக்கு எல்லாம் தெரியுமாம். போன ஞாயிறு வந்ததே, மகன் எடுக்கப் போகிற பெயர் ஆருடையது, என்ன ஆக்கள் என்று விசாரித்துக்கொண்டு போகத்தானாம்! நான் வாய் ஓயாமல் பதில் சொல்லியிருக்கிறேன். சம்மதமாம். "எங்கட காகங்களில தானாத் தெரிஞ்செடுத்து ஒரு பேர் வைக்கிற முதல் ஆள் என்ரை மகன்தான்" என்று சொல்லிவிட்டாவாம். கடைசியில் நான் போட்ட சத்தத்தில், வாரெஸ் நடுப்பெயராக நிற்கிறது என்று முடிவாயிற்று. தானெல் வாரெஸ் குணசேகரம். அதில் நான் ஒரு அடியும் விட்டுக்கொடுக்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்க வாசல்மணி அடித்தது, புஷ்பராணி என் பெயரில் எடுப்பித்த ஏதோ பார்சல். கொண்டு வந்த பெடியன் படியில் நின்று, "குணசேகரம்?" என்று உரத்துக் கூப்பிட்டான். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்க்க, தானெல் "ஓம்" என்று சொல்லிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான். நான் திரும்பக் கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டேன் மச்சான்.